அப்பாவின் சட்டைப் பையில் பெப்பர்மின்ட்

நாமெல்லாம் பாண்டிச்சேரி மூலக்குளத்தில் ஒரே தெருவில் சட்டையில்லாமல் ஓடித் திரிந்தவர்கள். இப்போது பஸ் ஸ்டாண்டிலோ கல்யாணப் பந்தியிலோ பார்த்துக்கொண்டால், பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்பதற்கு முன்னால் சுகர் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டுக்கொள்கிறோம். வயது நாற்பதை இன்னும் சரியாகத் தொடவில்லை. பேச்சு மட்டும் பென்ஷன் வாங்குகிறவர்கள் பேச்சாகிவிட்டது. இலையில் வைத்த பாயசத்தைத் தள்ளி வைக்கிறவன் ஒருவன். அதையும் சேர்த்துக் குடித்துவிட்டு, ராத்திரி மாத்திரையை இரண்டாகப் போட்டுக்கொள்கிறவன் ஒருவன். நான் இரண்டாவது ஆள்.

படிப்பு எனக்கு ஒன்பதாவதோடு நின்றது. அப்புறம் திருப்பூரில் சாயப்பட்டறை, லாரியில் கிளீனர், கோவாவில் ஓட்டல் சமையற்கட்டு, சூரத்தில் மூட்டை தூக்குகிற வேலை என்று எந்த ஊரிலும் இரண்டு தீபாவளி பார்த்ததில்லை. கிடைத்தபோது சாப்பிட்டேன், கிடைத்த இடத்தில் தூங்கினேன். இப்போது ஊர் திரும்பி, நோணாங்குப்பத்தில் படகுக்கு ஆள் ஏற்றிவிடும் வேலையில் இருக்கிறேன். போன மாதம் டாக்டர் என் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, இனிமேல் மாத்திரை மட்டும் போதாது, இன்சுலின் ஆரம்பித்துவிடலாம் என்றார்.

அவர் சொன்னதும் பயம் வரவில்லை. ஒரு வாசனைதான் வந்தது. புதிதாகப் பிரித்த பிளாஸ்திரியும் பினாயில் போட்டுத் துடைத்த ஆஸ்பத்திரித் தரையும் கலந்த மாதிரி ஒரு வாசனை. என் அப்பாவின் இன்சுலின் பாட்டிலின் வாசனை அது. உங்களில் யாருக்கும் அது தெரிந்திருக்காது. எங்கள் வீட்டில் அப்படி ஒரு பாட்டில் புழங்கியதே உங்களுக்குத் தெரியாது. நீங்கள் அறிந்த என் அப்பா ஆளேற்றும் டெம்போ ஓட்டுகிறவர், பெரிய குடிகாரர். டெம்போ ஓட்டினார் என்பது கடைசிவரை சரி. குடிகாரர் என்பது நான் ஏழாவது படித்த வருஷம்வரைதான் சரி. அந்த வருஷத்தைத்தான் சொல்ல வருகிறேன்.

அப்பாவுக்கு அதற்குச் சில வருஷம் முன்பே சர்க்கரை கண்டிருந்தது. வில்லியனூர் ரோட்டில் பச்சைத் திரை தொங்கும் ஒரு கிளினிக் இருந்ததே, நமக்கெல்லாம் காய்ச்சலுக்குக் கசப்பு மருந்து கொடுத்த டாக்டர், அவரிடம்தான் காட்டினார். நல்ல மனுஷன். ஆனால் ஒரு பழக்கம் அவருக்கு. அப்பா ஒவ்வொரு தடவை போகும்போதும், மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாவிட்டால், குடியை விடாவிட்டால், அடுத்தது ஊசிதான் என்று மிரட்டி அனுப்புவார். நம்மை வீட்டில் பூச்சாண்டியைக் காட்டி மிரட்டினார்களே, அப்படி. நல்லதை நினைத்துத்தான் சொன்னார். ஆனால் வருஷக்கணக்காக அதைக் கேட்டுக் கேட்டு, அந்த ஊசி என்பது தப்பு செய்தவனுக்குக் கிடைக்கிற கடைசித் தண்டனை என்று அப்பா மனதில் பதிந்துவிட்டது. தெருக்கோடி மாமா ஒருவருக்கு இன்சுலின் போட ஆரம்பித்த கொஞ்ச நாளில் காலை எடுத்துவிட்டார்கள். ஊசி போட்டதால்தான் கால் போயிற்று என்று தெரு முழுக்கப் பேச்சு. கால் அழுகிப்போன பிறகுதான் அவர் டாக்டரிடமே போனார் என்பதை யாரும் பேசவில்லை.

அந்த வருஷம் மழைக்காலத்தில் அப்பா பாதியாகிவிட்டார். சட்டை தோளிலிருந்து தொங்கியது. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார். கிளட்ச் மிதிக்கிற காலில் செருப்பு கடித்த புண் ஒன்று ஆறாமலே கிடந்தது. அம்மா பிடிவாதமாக அவரைக் கிளினிக்குக்கு இழுத்துப் போனாள். வீட்டில் விட ஆள் இல்லாததால் நானும் போனேன். டாக்டர் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்தார், காலைப் பார்த்தார், இன்சுலின் ஆரம்பிக்கலாம் என்றார். இந்தத் தடவை குரலில் மிரட்டல் இல்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். அப்பா எழுந்து நின்றுவிட்டார்.

"அப்ப முடிஞ்சுதா சார்?"

"இன்னாய்யா முடிஞ்சுது? இப்பதான் ஆரம்பமே" என்று டாக்டர் சிரித்தார்.

தைரியம் சொல்வதாக அவர் நினைத்திருப்பார். அப்பா முகத்தைப் பார்த்த எனக்கு அப்படித் தெரியவில்லை.

அன்றைக்கு டாக்டர் நிறைய நேரம் பேசினார். வெளியே பெஞ்சில் ஆட்கள் இருமிக்கொண்டிருந்தார்கள். இது தண்டனை இல்லை, உடம்பில் சுரக்க வேண்டியது சுரக்காததால் வெளியிலிருந்து கொடுக்கிறோம், அவ்வளவுதான் என்றார். காலையும் சாயங்காலமும் சாப்பாட்டுக்கு முன்னால் போட வேண்டும். குடியை அடியோடு விட வேண்டும். போட்டால் சாப்பிட்டே தீர வேண்டும். கை நடுங்கினாலோ, வேர்த்துக் கொட்டினாலோ, கண் மங்கினாலோ உடனே கொஞ்சம் சர்க்கரையை வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தை அவர் சொன்னபோது அம்மா சரியாகக் காதில் வாங்கவில்லை. ஊசியை எப்படிப் பிடிப்பது என்ற கவலையில் இருந்தாள்.

வீட்டுக்கு வந்து அவள் செய்த முதல் காரியம், டப்பாவில் இருந்த சர்க்கரை, வெல்லம், பண்டிகைக்கு வாங்கி வைத்த கற்கண்டு எல்லாவற்றையும் அக்கம்பக்கத்தில் கொடுத்ததுதான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லாருக்கும் கசப்புக் காப்பி. இரண்டாவது காரியம், கத்தரிக்காயில் தண்ணீரை ஏற்றி ஊசி போடப் பழகினாள். அந்த வாரம் முழுவதும் எங்கள் வீட்டுச் சாம்பாரில் கத்தரிக்காய். மூன்றாவது, பாட்டிலை வைக்க ஃப்ரிட்ஜ் தேடினாள்.

தெருவில் ஃப்ரிட்ஜ் இருந்தது மதாம் வீட்டில். மதாமை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அவர் வீட்டுக்காரர் சொல்தா, பிரான்சு பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். அவர் போன பிறகு அந்தப் பென்ஷனில் மதாம் தனியாக இருந்தார். மகள் பாரீசில். ஜூலை பதினாலு அன்றைக்கு நம்மையெல்லாம் கூப்பிட்டு, சிவப்பு நிறத்தில் சிரோ என்கிற சர்க்கரைப் பாகைக் குளிர்ந்த தண்ணீரில் கலந்து கொடுப்பாரே, வாயெல்லாம் சிவந்துபோகும், அந்த மதாம். அவருக்கும் சர்க்கரை. ஆனால் அவர் மறைக்கவே மாட்டார். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, யார் இருந்தாலும் கவுனைக் கொஞ்சம் ஒதுக்கி, தொடையில் பிக்கூர் போட்டுக்கொண்டு ரொட்டியை எடுப்பார். ஊசிக்கு அவர் சொல்கிற வார்த்தை அது. நாம் மூக்குத்தி போடுவதைச் சொல்வது மாதிரி சொல்வார்.

அவர் ஃப்ரிட்ஜைத் திறந்தால் வெண்ணெயும் சீஸும் கலந்த ஒரு புளித்த வாசனை முகத்தில் அடிக்கும். முட்டை வைக்கிற குழியில் அப்பாவின் பாட்டில் நிற்கும். காலையில் விடிந்ததும் அம்மா போய் எடுத்து வருவாள், நானும் கூடப் போவேன். கையில் வாங்கினால் கூழாங்கல் மாதிரி ஜில்லென்று இருக்கும். அம்மா அதை உள்ளங்கையில் வைத்து உருட்டுவாள், தெளிந்து நின்ற மருந்து பால் மாதிரி கலங்கும். அலுமினிய வளையம், நடுவில் ரப்பர் மூடி. மருந்து தீர்ந்த பாட்டில்களை நான் பரணில் ஒளித்து அடுக்கி வைத்திருந்தேன். எந்த ஊரில் எந்த வீடு மாறும்போது அவை போயின என்று தெரியவில்லை.

ஊசி போடும்போது கதவைச் சாத்திவிடுவார்கள். அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, வயிற்றைக் காட்டுவார். முதல் நாள் அம்மாதான் இரண்டு தடவை ஊசியைக் கீழே வைத்து எடுத்தாள். "இவ்ளோதானா?" என்றார் அப்பா. கொசு கடித்த அளவுகூட இல்லை என்று அன்றைக்கு நாலு தடவை சொன்னார்.

அந்த இரண்டு மாதம் எங்கள் வீடு எங்கள் வீடாகவே இல்லை. அப்பா குடியை விட்டார். எப்படி விட்டார் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. விட்டார், அவ்வளவுதான். தாகம் அடங்கியது, கால் புண் ஓரத்திலிருந்து இளஞ்சிவப்பாக மூடிக்கொண்டு வந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் டெம்போவின் ஹாரனை இரண்டு தடவை தட்டுவார். அம்மா சண்டை போட விஷயம் இல்லாமல் பக்கத்து வீட்டுக் கோழியோடு சண்டை போட்டாள்.

ஆனால் ஊசி விஷயம் வெளியே தெரியக்கூடாது. தெரியக்கூடாத ஆள் முக்கியமாக டெம்போ முதலாளி. வேறொரு டிரைவருக்கு இன்சுலின் என்று தெரிந்ததும், ஊசி போட்டுக்கிற ஆள் கையில் வண்டி கொடுக்க முடியாது, எப்போது கண்ணைக் கட்டும் என்று யாருக்குத் தெரியும் என்று அவர் சாவியை வாங்கிவிட்டார். அந்த டிரைவருக்கு அப்புறம் யாரும் வண்டி கொடுக்கவில்லை. அப்பாவுக்கு ஓட்டுவதைத் தவிர வேறு தொழில் தெரியாது. எங்கள் அடுப்பு அந்தச் சாவியில்தான் எரிந்தது.

மாசி மகத்துக்கு முந்தின நாள் அப்பாவின் பாட்டில் தீர்ந்துபோயிற்று. மருந்துக்கடைக்குப் போகலாம் என்று அம்மா கிளம்பும்போது மதாம் கூப்பிட்டார். மகள் பிரான்சிலிருந்து வந்து போயிருந்தாள், மதாமுக்கு வேண்டிய மருந்தை நிறையக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள், அதில் ஒன்றை எடுத்துக்கொள் என்றார். அம்மா தயங்கினாள். "அட, எடுத்துக்கோம்மா. எல்லாம் ஒண்ணுதான். இது பிரான்சு மருந்து, இன்னும் நல்லா கேக்கும்" என்று மதாம் அவள் கையில் திணித்தார். நம் ஊரில் பிரான்சிலிருந்து வந்தது என்றால் சோப்பானாலும் மருந்தானாலும் வேண்டாம் என்று சொல்லி யாருக்கும் பழக்கமில்லை. அம்மா சந்தோஷமாக வாங்கி வந்தாள்.

மறுநாள் காலை அந்தப் பாட்டிலிலிருந்து, வழக்கமான எங்கள் ஊசியில், வழக்கமான கோடுவரை இழுத்துப் போட்டாள். மாசி மகத்துக்குக் கடற்கரைக்குப் போகிற கூட்டம் ரோட்டில் திரண்டிருந்தது. அப்பா இரண்டு இட்லியை நின்றபடியே விழுங்கிவிட்டு, மிச்சத்தை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன் என்று ஓடினார்.

வெயில் ஏறிய பிறகு தகவல் வந்தது. சொன்னவர் இன்னொரு டெம்போ டிரைவர். தயங்கித் தயங்கித்தான் சொன்னார். உன் வீட்டுக்காரர் சாராயக்கடை வாசலில் கிடக்கிறார் என்றார். நடு வழியில் வண்டியை ஓரம் கட்டினாராம். பயணிகள் கேட்கக் கேட்க ஒன்றும் பேசாமல் இறங்கித் தள்ளாடித் தள்ளாடிப் போனாராம். சாராயக்கடை வாசலில் விழுந்தாராம். கூட்டம் திட்டிவிட்டு வேறு வண்டி பிடித்துப் போய்விட்டது. திருவிழா நாளில், நம் ஊரில், சாராயக்கடை வாசலில் ஒருத்தன் கிடந்தால் யார் குனிந்து பார்ப்பார்கள்? நாமும்தான் எத்தனை பேரைத் தாண்டிப் போயிருக்கிறோம். சாராயக்கடையை ஒட்டி ஒரு பெட்டிக்கடை இருந்ததையும், அப்பா அந்தப் பெட்டிக்கடைக்கு, சர்க்கரையாக எதையாவது வாங்கி வாயில் போடத்தான் நடந்தார் என்பதையும் யாரும் நினைக்கவில்லை. நாங்களும் நினைக்கவில்லை.

டெம்போக்காரர்கள் இரண்டு பேர் அவரைக் கொண்டுவந்து வாசலில் போட்டார்கள். சட்டை தண்ணீரில் முக்கியெடுத்த மாதிரி நனைந்திருந்தது. ஏதோ முனகினார், வார்த்தையாக வரவில்லை. அம்மா நகரவில்லை. நிலைப்படியில் நின்று, ஒரு குடம் தண்ணீரை அவர் தலையில் கொட்டினாள். அப்புறம் திட்ட ஆரம்பித்தாள். கத்தவில்லை, தாழ்ந்த குரலில். ரெண்டு மாசம் என்னை மனுஷியா வெச்சிருந்தியே, அது போதும்னு நெனச்சுட்டியா என்று கேட்டாள். அந்தக் குரல்தான் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அவளுக்கு அன்றைக்குப் போனது புருஷன் இல்லை, அந்த இரண்டு மாதம்.

சத்தம் கேட்டு மதாம் வந்தார். கூடி நின்ற யாரும் செய்யாததை அவர் செய்தார். கவுனைச் சுருட்டிக்கொண்டு குனிந்து அப்பாவின் வாயை முகர்ந்தார்.

"வாடையே இல்லையேம்மா. சுக்ர், சுக்ர். சீக்கிரம் சுக்ர்."

"ஆமா மதாம், சுகர்தான். தெரிஞ்சும் குடிச்சிருக்காரு பாருங்க" என்றாள் அம்மா.

"அது இல்லம்மா. சக்கர. சக்கரயக் கொண்டா."

"சக்கர வியாதிக்காரருக்குச் சக்கரயக் குடுத்துக் கொல்லச் சொல்றீங்களா?"

பிரெஞ்சில் சர்க்கரைக்கு சுக்ர் என்று பெயர். நமக்கு சுகர் என்றால் வியாதி. அப்பாவின் உயிர் கொஞ்ச நேரம் அந்த இரண்டு வார்த்தைக்கு நடுவில் கிடந்தது. தேர் பவனியில்கூட அன்ன நடை நடக்கிற மதாம் ஓடினார். சிவப்பு சிரோ பாட்டிலோடு திரும்பி வந்து தரையில் உட்கார்ந்து, அப்பாவின் தலையை மடியில் சாய்த்து, விரலில் தொட்டுத் தொட்டுக் கன்னத்தின் உட்பக்கம் தேய்த்தார். உதடெல்லாம் சிவந்தது. ரத்தம் என்று நினைத்து நான் அழுதேன். அம்மா தடுக்கவில்லை. தடுக்கத் தெம்பில்லாமல் நின்றாள்.

கொஞ்ச நேரத்தில் அப்பா முழுங்கினார். அப்புறம் கண்ணைத் திறந்து மதாமைப் பார்த்து, "வண்டி எங்க?" என்றார். அந்த ஒரு கேள்வி குழறாமல் வந்தது. அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அவரைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் பொழுது சாயும்வரை குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு பக்கத்திலேயே இருந்தார். பாட்டிலை எடுத்துவரச் சொன்னார். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நம் ஊர் பாட்டிலில் நாற்பது என்று போட்டிருக்கும். இதில் நூறு. அதே கோடுவரை இழுத்தால் தண்ணீர் அதே அளவுதான், உள்ளே இருக்கிற மருந்து இரண்டரை மடங்கு. நம் ஊசியில் இருக்கிற கோடு நம் ஊர் மருந்துக்குப் போட்டது, மதாம் வைத்திருக்கிற ஊசியின் கோடு அவர் மருந்துக்குப் போட்டது. மதாமுக்கு அது தெரியாது. அம்மாவுக்குத் தெரியாது. "நானும் சொல்லலையே" என்றார் டாக்டர். சொல்லத் தோன்றியிருக்காது. பிரான்சு மருந்து நிற்கிற ஃப்ரிட்ஜும் நம் மருந்துக்கடை ஊசியும் ஒரே தெருவில் சந்தித்துக்கொள்கிற ஊர் வேறு எது?

அப்பா படுக்கையிலிருந்தே, இனிமேல் ஊசி வேண்டாம் சார் என்றார். அம்மாவும், என் கையால் இனிமேல் ஊசியைத் தொட மாட்டேன் என்றாள். டாக்டர் வற்புறுத்தவில்லை. தப்பு பாட்டிலில்தான், மருந்தில் இல்லை, யோசித்துச் சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை முதலாளி வந்தார். நடு ரோட்டில் பயணிகளை விட்டுவிட்டுச் சாராயக்கடைக்குப் போன கதை அவர் காதுக்கு நன்றாகவே போயிருந்தது. ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்துக்கொண்டார். அம்மா முன்னால் வந்து, அவர் குடிக்கவில்லை என்று ஆரம்பித்தாள். "அவருக்கு..." என்று அடுத்த வார்த்தையை எடுத்தாள். பாயில் உட்கார்ந்திருந்த அப்பா தலையைத் தூக்காமல் சொன்னார்.

"குடிச்சுட்டேண்ணே. திருநா அதுவுமா தப்பு பண்ணிட்டேன்."

அம்மா அவரையே பார்த்தாள். எனக்கு அன்றைக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்பா பொய் சொல்கிறார் என்பது மட்டும்தான் விளங்கியது. அந்தப் பொய்யின் கணக்கு பிறகுதான் புரிந்தது. நம் ஊரில் குடிகாரனுக்கு மன்னிப்பு உண்டு. நாலு நாள் கழித்து வண்டி கொடுப்பார்கள். ஊசி போட்டுக்கிறவனுக்கு வண்டி கிடையாது.

முதலாளி சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அப்புறம் குரல் இறங்கியது. "கோயில்ல போய் கயிறு கட்டிக்கினு வாய்யா. வந்து சாவிய வாங்கிக்க" என்றார்.

குடியை விடுகிறவர்கள் அம்மன் சன்னதியில் கயிறு கட்டிக்கொள்கிற வழக்கம் உங்களுக்குத் தெரியும். வில்லியனூர் தாண்டி ஒரு கோயிலுக்கு மூன்று பேரும் போனோம். வரிசையில் நின்றவர்கள் முகமெல்லாம் வீங்கியிருந்தது. பூசாரி அப்பாவின் கையைப் பிடித்து, கடைசியா எப்ப குடிச்ச என்று கேட்டார். அப்பா உண்மையைச் சொன்னால் இரண்டு மாதம் முன்பு என்று சொல்ல வேண்டும். அம்மாவைப் பார்த்தார். "நேத்துதான் சாமி" என்றாள் அம்மா. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். குடிக்காத ஆளுக்குக் கயிறு கட்டின அம்மன் இவ ஒருத்திதான் இருப்பா என்று அப்பா காதில் சொன்னாள். அவரும் சிரித்தார்.

முதலாளி சாவியைக் கொடுத்துவிட்டார், ஆனால் ஊசிக்கு அப்பா மசியவில்லை. கால் புண் மறுபடி கசிய ஆரம்பித்தது. ஒரு நாள் காலையில் மதாம் எங்கள் வாசலில் வந்து நின்று அப்பாவைப் பார்த்து, "தம்பி, வா" என்றார். அவருக்கும் அந்த நாள் உள்ளே அறுத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். மேஜையில் அவருடைய பாட்டிலும் ஊசியும் ஒரு பக்கம். மறுபக்கம் மருந்துக்கடையிலிருந்து அவரே வாங்கி வந்த நம் ஊர் பாட்டிலும் ஊசியும். இரண்டுக்கும் நடுவில், கலந்துவிடாதபடி, ரொட்டிக் கூடை. அவர் தனக்குப் போட்டுக்கொண்டார். நம் ஊர் பாட்டிலையும் ஊசியையும் அப்பா பக்கம் நகர்த்தி, "இப்ப நீ போடு. நான் பாக்குறேன்" என்றார். அப்பா இரண்டு பாட்டிலையும் எடுத்து எழுத்தைப் பார்த்து வைத்தார். பிறகு தன் வயிற்றில் தானே போட்டுக்கொண்டார். மதாம் ரொட்டியைப் பிட்டு அவர் முன்னால் வைத்தார்.

அன்றிலிருந்து காலையும் சாயங்காலமும் அப்பா மதாம் வீட்டுக்குப் போனார். தெரு என்ன சொன்னது என்று உங்களுக்கே தெரியும். சொல்தா வீட்டில் பிரான்சு சரக்கு ஓடுகிறது, கயிறு கட்டியும் ஆள் அடங்கவில்லை என்றீர்கள். அப்பா மறுக்கவில்லை. யாராவது கண்ணடித்தால் அவரும் கண்ணடித்தார்.

டாக்டர் மட்டும் கோபப்பட்டார். வண்டியில் பின்னால் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், மறைத்து ஓட்டுவது சரியில்லை என்றார். யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான். அப்பா அவரிடம் மூன்று விஷயம் மட்டும் ஒப்புக்கொண்டார். சாப்பிடாமல் வண்டியை எடுப்பதில்லை, பை நிறைய மிட்டாய் வைத்துக்கொள்வது, கை லேசாக நடுங்கினாலும் வண்டியை ஓரம் கட்டுவது. மூன்றையும் கடைசிவரை காப்பாற்றினார். நடு வழியில் வண்டியை நிறுத்தி, ஒரு பெப்பர்மின்ட்டை வாயில் போட்டுக்கொண்டு, கை நிதானத்துக்கு வரும்வரை ஸ்டீயரிங்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். வாய் நாற்றத்தை மறைக்கிறான் பார் என்று பின்னாலிருந்து பேசுவார்கள். அந்தப் பெப்பர்மின்ட்டை நீங்கள் எல்லாரும் தின்றிருக்கிறீர்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது டெம்போவை நிறுத்திக் கொடுப்பாரே, வெள்ளையாக, வட்டமாக, நாக்கில் வைத்தால் குளிருமே. குடிகாரன் மிட்டாய் என்று நீங்கள் வைத்த பெயர்கூட எனக்கு ஞாபகம் இருக்கிறது.

மதாமை மகள் பாரீசுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அந்த வீட்டை இடித்து நாலு மாடி கட்டிவிட்டார்கள். அப்பா அதற்குப் பிறகும் வெகு காலம் வண்டி ஓட்டினார், இரண்டு காலோடும். அவர் மாரடைப்பில் போனபோது நான் சூரத்தில் இருந்தேன். வந்து சேர்ந்த நேரத்தில் பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள். டெம்போக்காரர் ஒருவர் அழுதுகொண்டே ஒரு குவார்ட்டர் பாட்டிலை எடுத்து அப்பாவின் தலைமாட்டில் வைத்தார். நான் எதையோ சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள். வைத்துவிட்டுப் போகட்டும் என்று அர்த்தம்.

இனி என் விஷயம். நேற்றுக் காலைதான் என் முதல் ஊசி. இப்போது பாட்டில் இல்லை, பேனா மாதிரி ஒன்று. ஒன்பதாவதோடு எழுதுவதை விட்டவன் கையில் மறுபடி ஒரு பேனா. அம்மா அதை என்னிடமிருந்து பிடுங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஜன்னல் பக்கம் போய் நின்று, எழுத்தின் மேல் விரலை ஓட்டினாள்.

"இதுல இன்னா போட்டிருக்கு? நூறா, நாப்பதா?"

நூறுதான் அம்மா, இதை ஊசியில் இழுக்க வேண்டாம், இதுவே அளந்து கொடுத்துவிடும் என்றேன். சரி என்றாள். ஆனாலும் ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தாள். நான் போட்டுக்கொள்ளும்வரை பக்கத்தில் நின்றாள், தொடவில்லை. இட்லி வைத்தாள். முழுசாகத் தின்ன வைத்தாள். கிளம்பும்போது என் சட்டைப் பையில் ஒரு பிடி பெப்பர்மின்ட்டைப் போட்டாள். எங்கே தேடிப் பிடித்தாளோ, அதே வெள்ளை வட்டம்.

"அவர மாதிரி மறைக்காதடா. கூட இருக்கிறவங்களுக்குச் சொல்லி வை" என்றாள்.

அதனால்தான் சொல்கிறேன். படகு முதலாளியிடம் நேற்றே சொல்லிவிட்டேன், வேலை இன்னும் இருக்கிறது. மிச்சம் நீங்கள்தான். நீங்கள் நோணாங்குப்பம் பக்கம் வருகிறவர்கள். என்றைக்காவது நான் படகுத்துறை ஓரத்தில் விழுந்து கிடந்தால், தாண்டிப் போகாதீர்கள், தண்ணீரைக் கொட்டாதீர்கள். என் சட்டைப் பைக்குள் கையை விடுங்கள்.